ஷட்டர் தேய்மானம்: எண்ணிக்கை எதற்குச் சான்று?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பயன்படுத்திய டிஜிட்டல் கேமராவுக்கு விலை பேச உட்கார்ந்தால் முதலில் வந்து விழும் கேள்வி, "ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?" என்பதுதான். புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் கடைக்காரரிடம் பேசினாலும், பிரிக்பீல்ட்ஸில் திருமணப் படம் எடுப்பவர் தம் பழைய பாடியை இன்னொருவருக்குக் கைமாற்றினாலும், விலை அந்த ஓர் எண்ணைச் சுற்றியே ஏறி இறங்குகிறது. எட்டாயிரம் என்றால் முகம் மலர்கிறது. தொண்ணூறாயிரம் என்றால் கை பின்வாங்குகிறது. பழைய கார் வாங்குகிறவர் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதுபோல இதையும் பார்க்கிறோம். பார்ப்பதில் தவறில்லை. அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று அறியாமல் அதற்குப் பணம் கொடுப்பதுதான் தவறு. ஷட்டர் பழுதாவதற்குப் பல காரணங்கள் உண்டு; எண்ணிக்கை அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நம் வட்டாரத்தின் தட்பவெப்பத்திலோ, எண்ணிக்கையில் வராத காரணங்களுக்கே வலு அதிகம்.

முதலில் ஷட்டர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சென்சாருக்கு முன்னால் மெல்லிய தகடுகளால் ஆன இரண்டு திரைகள் இருக்கின்றன. பட்டனை அழுத்தியதும் முதல் திரை விலகிச் சென்சாரைத் திறக்கிறது. குறித்த நேரம் கழிந்ததும் இரண்டாம் திரை ஓடி வந்து மூடுகிறது. முழு அளவுச் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். அந்தத் தொலைவைத் திரை ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரத்தில் கடக்கிறது. கணக்குப் போட்டால் சராசரி வேகம் நொடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர். இது சிறிய வேகம்போல் தோன்றலாம். ஆனால் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு அந்த வேகத்தை எட்டி மீண்டும் நிற்க, திரைக்குக் கிடைப்பது மொத்தமே விரற்கடை அளவு இடம். கடைசி 3 மில்லிமீட்டரில் அது நிறுத்தப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், தகடும் அதைத் தாங்கும் கையும் புவியீர்ப்பைப்போல் ஆயிரம் மடங்கு தடுப்பு விசையை ஒவ்வொரு கிளிக்கிலும் வாங்கிக்கொள்கின்றன. 1/8000 நொடி வேகத்தில் சென்சார் முழுவதும் ஒரே சமயத்தில் திறந்திருப்பதே இல்லை. இரு திரைகளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள பிளவு மட்டும் மேலிருந்து கீழாக ஓடுகிறது. அந்தப் பிளவின் அகலம் ஓட்டத்தின் நடுவே சற்று மாறினாலும் படத்தின் ஒரு பகுதி கருத்துவிடும் அல்லது வெளுத்துவிடும். ஷட்டரைச் சோதிக்கும் முறை முழுவதும் இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

இவ்வளவு அடி வாங்கும் உலோகமும் கூட்டுப்பொருளும் ஒரு நாள் களைத்துப்போகும். ஒரே தடவையில் முறிக்கப் போதாத விசை, திரும்பத் திரும்பப் பட்டால் முறித்துவிடும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆராய்ந்து நிறுவினார். அந்தத் துறையின் சோதனைகள் இன்னொன்றையும் காட்டின: ஒரே உலோகத்தில் ஒரே அளவில் செய்த துண்டுகளை ஒரே விசைக்கு உட்படுத்தினாலும் அவை ஒரே எண்ணிக்கையில் முறிவதில்லை. ஒன்றின் ஆயுள் மற்றொன்றைப்போல் பல மடங்கு இருக்கலாம். 1951இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வைபுல், இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயுள்களை விவரிக்கும் கணித வடிவத்தை விரிவாக எழுதினார். இன்றும் பொறியியலில் நம்பகத்தன்மைக் கணக்குகள் பெரும்பாலும் அவர் பெயர் தாங்கிய பரவலில்தான் நடக்கின்றன. கேமரா வாங்குகிறவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒரு ஷட்டரின் ஆயுள் என்பது ஓர் எண் கிடையாது, எண்களின் பரவல்.

தயாரிப்பாளர் சொல்லும் எண்ணை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். கேனன் 5டி மார்க் 3க்கும் நிக்கான் டி750க்கும் 1,50,000. கேனன் 6டிக்கு 1,00,000. நிக்கான் டி850க்கு 2,00,000. செய்தித்துறையினர் சுமக்கும் கேனன் 1டி எக்ஸ், நிக்கான் டி5 ஆகியவற்றுக்கு 4,00,000. இவை சோதனைக் கூடத்தில் இத்தனை தடவை இயக்கிப் பார்த்தோம் என்ற அறிவிப்புகள். அந்த எண்ணைத் தொட்டதும் ஷட்டர் நின்றுவிடும் என்று பொருளில்லை. அதுவரை நிற்காது என்ற வாக்குறுதியும் இல்லை. தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாகக் காலத்தைக் கணக்கில் வைத்தே தரப்படுகிறது. 1,40,000 கண்ட 5டி மார்க் 3 ஒன்றை "இன்னும் பத்தாயிரம்தான் பாக்கி" என்று ஒதுக்குவதும், 30,000 கண்டதை "இன்னும் லட்சத்து இருபதாயிரம் ஓடும்" என்று கட்டியணைப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். பயனர்கள் தாமே பதிவு செய்த ஆயுள் பட்டியல்களைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அவற்றைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழுதான கேமராவின் ஆயுள் நமக்குத் துல்லியமாகத் தெரியும். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கேமராவோ "குறைந்தது இவ்வளவு" என்று மட்டுமே சொல்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுச் சராசரி எடுத்தால் விடை தவறிப்போகும். மருத்துவத்தில் நோயாளிகளின் பிழைப்புக் காலத்தைக் கணிக்கும்போது இதே சிக்கல் எழுந்ததால்தான் 1958இல் கேப்லன், மேயர் என்ற இருவர் அதற்கென்றே ஒரு முறையை வகுத்தார்கள். அந்தக் கவனம் இல்லாத சராசரிகளை நம்பி விலை பேசக் கூடாது.

இனி என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். லட்சக்கணக்கான இயக்கங்களைச் சோதனைக் கூடத்தில் இயந்திரம் வைத்து விரைவாக ஓட்டி முடித்துவிடலாம். பத்து ஆண்டுகளை அப்படி ஓட்ட முடியாது. ஆகவே அந்தச் சோதனை அளப்பது உழைப்பால் வரும் களைப்பை மட்டுமே. சும்மா கிடந்து கெடுவதை அது அளக்கவில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. பகலில் வெப்பம் 32, 33 பாகையைத் தொடுகிறது. ஷட்டருக்குள் தகடுகள் மட்டும் இல்லை. ஓடி வரும் திரையின் வேகத்தை வாங்கிக்கொள்ள ரப்பர், நுரை போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அசையும் மூட்டுகளில் நுண்ணளவு மசகு இருக்கிறது. பாலியூரித்தேன் வகைப் பொருள்களை ஈரமும் வெப்பமும் சேர்ந்து மூலக்கூறு மூலக்கூறாக உடைக்கின்றன. மீள்தன்மை போய் அவை பிசுபிசுக்கத் தொடங்குகின்றன. இது வெறும் ஊகம் இல்லை. 1987இல் வெளிவந்த கேனன் இ.ஓ.எஸ். 650 முதலான அக்காலப் பிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நோய் ஒன்று உண்டு. ஷட்டரின் அதிர்வு தாங்கி உருகித் தார்போலாகி, கறுத்த பிசினாகத் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். திரை நேரத்துக்குத் திறக்காது. படம் பாதியோ முழுவதுமோ கறுத்துப்போகும். அந்தக் கேமராக்கள் எத்தனை படம் எடுத்தன என்பதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. அலமாரியில் பூட்டிவைத்ததற்கும் அது வந்தது. பிந்திய தலைமுறை டிஜிட்டல் ஷட்டர்களில் பொருள்கள் மாறியிருக்கின்றன, வேதியியல் மாறவில்லை.

எனவே ஒன்பது ஆண்டு வயதில் 6,000 கிளிக் மட்டும் கண்ட கேமராவை "புதுசு மாதிரி" என்று யாராவது நீட்டினால், அந்த ஒன்பது ஆண்டும் அது எங்கே இருந்தது என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் டிரை கேபினட்டில் இருந்ததா, தோல் பையில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததா? தோலும் துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூசணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. லென்ஸின் பின்பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்தி இழைபோல் வெள்ளைக் கிளைகள் தெரிந்தால், அந்த ஈரம் ஷட்டரையும் விட்டுவைத்திருக்காது. இன்னொன்றும் இங்கே மறக்கலாகாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கின. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நனைந்த கருவிகள் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும் என்று எண்ண இடமில்லை. வெள்ளத்தில் நனைந்த கேமராவின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறியிருக்காது. மின்கல அறையின் தொடுமுனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா, அடிப்பகுதித் திருகாணிகளில் துரு இருக்கிறதா, ஃப்ளாஷ் பொருத்தும் தடத்தின் மூலைகளில் மண்படிவு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

குறைந்த எண்ணிக்கை காப்பாற்றாத மற்றொரு வகையும் உண்டு. தயாரிப்பிலேயே வரும் குறை. நிக்கான் டி600 வாங்கியவர்களின் புத்தம் புதிய சென்சார்களில் புள்ளிகள் படிந்தன. 2013 பிப்ரவரியில் நிறுவனம் அதற்கு அறிவுறுத்தல் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மாற்றிய ஷட்டருடன் டி610 வந்தது. 2015 ஜூலையில் டி750இன் சில தொகுதிகளில் ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி மறைவதாக அறிவித்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். பின்னர் அந்த அறிவிப்பு மேலும் பல தொகுதிகளுக்கு விரிந்தது. அங்கே உங்களுக்கு வழிகாட்டுவது கேமராவின் அடியில் பொறித்த தொடர் எண். டி750 வாங்குகிறவர் ஷட்டர் எண்ணிக்கைக்கு முன்னால் தொடர் எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்பேன்.

"மற்றவையெல்லாம் கண்மதிப்பு, எண் ஒன்றுதானே கலப்பில்லாத சான்று?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எண்ணும் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே நம்பகமாகிறது. நிக்கானும் பென்டாக்ஸும் ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எண்ணிக்கையைப் பதிந்துவிடுகின்றன. அப்போதே எடுத்த, திருத்தப்படாத படத்தை எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் தெரிந்துவிடும். கேனனின் பெரும்பாலான மாடல்கள் கோப்பில் எழுதுவதில்லை. கேமராவைக் கம்பியால் கணினியில் இணைத்து, அதற்கென உள்ள மென்பொருளில்தான் படிக்க வேண்டும். கோப்பின் பெயரில் வரும் நான்கு இலக்க எண்ணை நம்பிவிடாதீர்கள். அது 9999க்குப் பிறகு மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும். விரும்பியபோது மாற்றவும் முடியும். மின்பலகையையோ ஷட்டரையோ மாற்றிய கேமராவில் எண்ணிக்கை வரலாற்றோடு ஒட்டாமல் நிற்கலாம். வீடியோவுக்கே பயன்பட்ட கேமராவில் மணிக்கணக்கில் சென்சார் சூடேறியிருந்தாலும் எண்ணிக்கை சிறியதாகவே இருக்கும். நேர்மாறாக, மேகம் நகர்வதை வினாடிக்கொரு படமாக எடுத்துக் கோத்தவர் ஒரே மாலையில் பல ஆயிரத்தைச் சேர்த்திருப்பார். ஆகவே எண்ணை உடம்போடு ஒப்பிடுங்கள். 9,000 என்று சொல்லும் கேமராவின் அடித்தகடு தேய்ந்து வெளுத்திருந்தால், ஃப்ளாஷ் தடத்தின் கறுப்புச் சாயம் போய் உலோகம் மின்னினால், பிடியின் ரப்பர் வழவழத்திருந்தால், கழுத்துப்பட்டை வளையம் அரித்திருந்தால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எண்ணும் உடம்பும் ஒத்துப்போவதே, எண் சிறியதாக இருப்பதைவிட மேலான சான்று.

இன்றைய நிலையைக் கேமராவிடமே நேராகக் கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. முன்னே சொன்ன ஒரு மில்லிமீட்டர் பிளவு நினைவிருக்கட்டும். ஐஎஸ்ஓவை 6400இல் வைத்து, துளையை எஃப் 8க்குக் குறைத்து, குவியத்தைக் கலைத்து, 1/8000 நொடியில் மேகமூட்டமான வானத்தை எடுங்கள். உங்கள் கேமராவின் உச்சம் 1/4000 என்றால் அதையே வைத்து ஐஎஸ்ஓவைப் பாதியாக்கினால் போதும். நல்ல ஷட்டர் தரும் படம் மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். ஒரு விளிம்பு கருத்தோ வெளுத்தோ பட்டையாகத் தெரிந்தால் இரு திரைகளின் வேகமும் பொருந்தவில்லை. துளையைப் பெரிதாகத் திறந்து எடுத்தால் நான்கு மூலையும் வட்டமாக மங்கும். அது லென்ஸின் இயல்பு, ஷட்டரைக் குற்றம் சொல்லக் கூடாது. கடைக்குள் நின்று சுவரை எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. திரை ஓடும் நேரத்தில் விளக்கு மங்கினால் நல்ல ஷட்டரும் படத்தில் பட்டை காட்டும். வெளியே போக முடியாவிட்டால் அடுத்தடுத்துப் பத்துப் படம் எடுங்கள். பட்டை இடம் மாறிக்கொண்டே இருந்தால் அது விளக்கின் வேலை; ஒரே விளிம்பில் நின்றால் ஷட்டரைச் சந்தேகியுங்கள். பிறகு ஃப்ளாஷைப் பொருத்தி, அந்தக் கேமராவுக்குரிய ஒத்திசைவு வேகத்தில், பெரும்பாலும் 1/200 அல்லது 1/250இல், ஒரு படம். விளிம்பில் கரும்பட்டை விழுந்தால் திரை தாமதிக்கிறது. கடைசியாகத் தொடர் படப்பிடிப்பில் முப்பது நாற்பது படம் ஓடவிடுங்கள். இடையில் ஒன்று வெளிச்சம் மாறியிருக்கிறதா, கேனனாக இருந்தால் ஷட்டர் பிழைக்குரிய எர்ரர் 30 என்ற அறிவிப்பு எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கி, மூடிய தகடுகளை விளக்கொளியில் பார்க்கலாம். எண்ணெய்ப் படலம், கீறல், நெளிவு எதுவும் இருக்கக் கூடாது. விரலால் தொடவோ வாயால் ஊதவோ வேண்டாம். மிக மெல்லிய தகடு அது, நெளிந்தால் நிமிராது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. எண்ணிக்கை அதிகம் என்றால் தொழில்முறையாளர் கையில் இருந்தது, அடிபட்டிருக்கும் என்கிறார்கள். உண்மை உண்டு. ஒரு திருமணத்துக்கு 3,000 படம், ஆண்டுக்கு 40 திருமணம் என்று வைத்தால் ஒரே ஆண்டில் 1,20,000 சேர்ந்துவிடுகிறது. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் கூட்டம் நெரிக்க, வியர்வையும் தண்ணீரும் தெறிக்க எடுத்த கேமரா பட்டிருக்கும் பாடு அதன் எண்ணிக்கையில் தெரியாது. ஆனால் அதே கேமரா வாரந்தோறும் இயங்கியது. பழுதாகியிருந்தால் உரிமையாளரின் பிழைப்பே நின்றிருக்கும் என்பதால் சுத்தம் செய்யப்பட்டது, பராமரிக்கப்பட்டது. தயாரிப்புக் குறை எதுவும் இருந்திருந்தால் அது முன்பே வெளிப்பட்டுச் சரியாக்கப்பட்டிருக்கும். ஆறு ஆண்டில் 70,000 என்று சீராக ஓடி, மேற்சொன்ன சோதனைகளில் தேறும் கேமராவை, ஒன்பது ஆண்டு அலமாரியில் கிடந்த 6,000க்கு மேலாகவே நான் வைப்பேன். அதற்காக 3,00,000 கண்டதை 6,000க்கு நிகர் என்று சொல்லவில்லை. களைப்பு உண்மையானது; உயர்ந்த எண்ணிக்கையில் ஆபத்து கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடும் என்பதை அச்சத்தால் அளக்காமல் பணத்தால் அளக்கலாம். ஷட்டர் மாற்ற 1,000 ரிங்கிட் ஆகும் என்றும், நீங்கள் வைத்திருக்கப்போகும் காலத்துக்குள் அது பழுதாக ஐந்தில் ஒரு வாய்ப்பு என்றும் கொள்வோம். அந்த ஆபத்தின் விலை 200 ரிங்கிட். விற்பவர் அதற்காக 600 ரிங்கிட் குறைத்தால் உங்களுக்கு ஆதாயம். அந்த மாடலுக்கு உதிரிப்பாகமே கிடைக்காது என்றால் கணக்கு மாறுகிறது. பழுதானால் கேமரா முழுவதும் போனதுபோல்தான். எனவே விலை பேசுவதற்கு முன்னால் பழுது பார்ப்பவரிடம் உதிரிப்பாகம் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இயந்திர ஷட்டரே ஒழிந்து வருகிறதே என்ற பேச்சும் உண்டு. 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் இயந்திர ஷட்டர் கிடையாது. 2023இல் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3 சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கிறது. ஆனால் இரண்டாம் கைக்கு நம் கைக்கெட்டும் விலையில் வருபவை இவை இல்லை. மற்ற மிரர்லெஸ் கேமராக்களில் மின்னணு ஷட்டர் வரிவரியாகப் படிப்பதால், எல்இடி விளக்கும் எல்இடி திரையும் நிறைந்த கல்யாண மண்டபத்தில் படமெங்கும் பட்டை விழுகிறது. அதனால் அங்கே படம் எடுப்பவர்கள் இயந்திர ஷட்டருக்கே திரும்புகிறார்கள். இன்னும் பல ஆண்டுகளுக்குச் சந்தையில் கைமாறப்போவது தகடுகள் ஓடும் கேமராக்கள்தான்.

கடையில் வாங்குவதானால் தொடர் எண்ணையும், உங்கள் கண்முன் படித்த ஷட்டர் எண்ணிக்கையையும், தண்ணீரில் நனைந்ததில்லை என்ற உறுதியையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். சொன்னதற்கு மாறாகப் பொருள் இருந்தால், சொந்தப் பயனுக்கு வாங்கியவர்கள் வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வியாபாரி அல்லாத தனி மனிதரிடம் வாங்கியதற்கு அந்த வழி இல்லை. அங்கே உங்கள் சோதனைதான் உங்கள் உத்தரவாதம்.